கடற்காற்றில் எவ்வளவு கரி, எவ்வளவு உப்பு?

இந்த இதழில் கடலோர வாசகர்களின் கேள்விகள் மட்டும். எல்லாமே காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அளப்பது பற்றி.

காசிமேடு, மீன் வியாபாரி: கடலிலிருந்து வருகிற காற்று சுத்தம் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்கிறோம். அதைப் போய் எதற்கு அளக்க வேண்டும்?

ஆழ்கடலில் நாட்கணக்காகப் பயணம் செய்து வருகிற காற்றைப் பொறுத்தவரை உங்கள் தாத்தா சொன்னது சரி. அதில் உப்பு இருக்கும். கரி மிகக் குறைவு. ஆனால் சென்னைக்குள் மதியம் நுழைகிற கடற்காற்று பல நாட்களில் அவ்வளவு தூரத்திலிருந்து வருவதில்லை. முந்தின இரவு நிலக்காற்று ஊரின் புகையைக் கடல்மேல் தள்ளிவிட்டிருக்கும். மறுநாள் கடற்காற்று அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து நம் வாசலில் விடும். குளிர்ச்சியாக இருக்கிறது என்பதால் அது சுத்தம் என்று ஆகிவிடாது. அதனால்தான் அளக்கிறோம்.

திருவான்மியூர், ஐ.டி. ஊழியர்: பால்கனியில் வைக்க ஆன்லைனில் ஒரு சின்ன பி.எம். 2.5 கருவி வாங்கினேன். விடிகாலை 5 மணிக்கு 100 காட்டுகிறது, மாலை 4 மணிக்கு 35. கருவி பொய் சொல்கிறதா?

பாதி புகை, பாதி தண்ணீர். இரண்டையும் ஒரே எண்ணாகச் சொல்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கருவிக்குள் ஒரு லேசர் இருக்கிறது. சின்ன விசிறி காற்றை உள்ளே இழுக்கும். துகளின்மேல் பட்டுச் சிதறுகிற ஒளியைப் பார்த்து, எத்தனை துகள், எந்த அளவு என்று கருவி கணக்குப் போடும். எடையை அது பார்ப்பதே இல்லை, ஊகிக்கிறது. இப்போது சமையலறைக் கல்லுப்பு ஜாடியை எட்டிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு கசிந்து நீர் விட்டிருக்கும். காற்றில் மிதக்கிற உப்புத் துகளும் அதையேதான் செய்கிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சோடியம் குளோரைடு படிகம் கரைந்து துளியாகிவிடும். 80 சதவீதத்தில் அதன் விட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கன அளவு எட்டு மடங்கு. உப்பு ஒரு துளியும் கூடவில்லை. கூடியது எல்லாம் நீர். ஒளிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பெரிய துகள் என்றுதான் கருவி எழுதிக்கொள்ளும். உப்பு மட்டுமல்ல, நிலக்கரிப் புகையிலிருந்து உருவாகிற அம்மோனியம் சல்பேட்டும் 80 சதவீத ஈரப்பதத்தில் இதே வேலையைச் செய்யும்.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை துளியாகிவிட்ட உப்பு, ஈரப்பதம் 75-க்குக் கீழே இறங்கினாலும் உடனே காய்ந்துவிடாது. ஏறத்தாழ 45 சதவீதத்துக்கு இறங்கினால்தான் மறுபடியும் படிகமாகும். திருவான்மியூர்க் கடற்கரையில் பெரும்பாலான நாட்கள் அவ்வளவு காய்வதில்லை. ஆகவே உங்கள் பால்கனிக்கு வருகிற உப்பு பெரும்பாலும் ஈர உப்புதான்.

அதற்காக விடியற்காலை எண்ணைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் தரையை ஒட்டிய காற்று மேலே கலக்காமல் தேங்கி நிற்கும். வண்டிப்புகை, குப்பை எரித்த புகை எல்லாம் அந்தத் தாழ்ந்த அடுக்குக்குள் உண்மையிலேயே கூடும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு புகை என்று பிரிப்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பர்ப்பிள்ஏர் என்ற லேசர் கருவிகளுக்கு ஒரு வாய்ப்பாடு தந்திருக்கிறது: கருவி காட்டும் அளவை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பதத்தை 0.0862-ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்ட வேண்டும். 85 சதவீத ஈரப்பதத்தில் கருவி காட்டும் 100, இந்தக் கணக்கில் 51 ஆகிவிடுகிறது. ஆனால் அது அமெரிக்கக் காற்றை வைத்துப் போட்ட கணக்கு. நம் கடற்கரைக்கு நம் கணக்குதான் வேண்டும்; நல்ல காற்றுத்தர நிலையம் ஒன்றின் பக்கத்தில் உங்கள் கருவியைச் சில வாரம் வைத்து ஒப்பிட்டால்தான் அது கிடைக்கும்.

நாகப்பட்டினம், நகைக்கடை ஊழியர்: நாங்கள் பொன்னை மில்லிகிராம் வரை நிறுக்கிறோம். காற்றில் இருக்கிற தூசை எப்படி நிறுப்பார்கள்?

உங்கள் கடைத் தராசு அதற்குப் போதாது. ஒரு நாள் முழுக்கச் சேகரித்த தூசு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாமல் போகலாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பம்பு நிமிடத்துக்கு 16.67 லிட்டர் காற்றை இழுக்கும். 24 மணி நேரத்தில் 24 கன மீட்டர். காற்றில் கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தால், வடிதாளில் சேர்வது 720 மைக்ரோகிராம், அதாவது 0.72 மில்லிகிராம். அதை 47 மில்லிமீட்டர் அகலமுள்ள டெஃப்லான் வடிதாளில் பிடித்து, மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசில் நிறுக்கிறார்கள். நிறுக்கும் அறையின் வெப்பம் 20 முதல் 23 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் என்பது அமெரிக்க முறை. வடிதாள் அந்த அறையில் ஒரு நாள் கிடந்து தன் ஈரத்தை விட்ட பிறகுதான் தராசில் ஏறும். அதன்மேல் தங்கிய நிலைமின்னூட்டம்கூட எடையை மாற்றிவிடும் என்பதால் அதையும் நீக்குகிறார்கள். எதையும் பிடிக்காத வெற்று வடிதாள் ஒன்றும் கூடவே பயணம் செய்து திரும்பி வரும். கைபட்டதால், வழியில் ஒட்டியதால் ஏறிய எடை எவ்வளவு என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

பெரிய தூசு வடிதாளுக்கு வராமல் தடுப்பது எப்படி? காற்றை வேகமாக இழுத்துச் சட்டென்று திருப்புவார்கள். கனமான துகளால் திரும்ப முடியாது. எதிரே இருக்கும் எண்ணெய்ப் பூச்சில் மோதி ஒட்டிக்கொள்ளும். பி.எம். 2.5-க்கு எல்லை 2.5 மைக்ரான்; அந்த அளவுள்ள நானூறு துகளை ஒரு மில்லிமீட்டரில் வரிசையாக நிறுத்தலாம். ஆனால் அந்த எல்லை கத்தியால் வெட்டினதுபோல் துல்லியமானதல்ல. சரியாக 2.5 மைக்ரான் உள்ள துகளில் பாதி உள்ளே போகும், பாதி மாட்டிக்கொள்ளும். கடலோரத்தில் இதனால் ஒரு சிக்கல்: காய்ந்திருந்தால் 2 மைக்ரானாக உள்ளே போயிருக்க வேண்டிய உப்புத் துகள், ஈரத்தில் ஊதி 4 மைக்ரானாகி வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். ஈரம் திருவான்மியூர் வாசகரின் லேசர் கருவியின் எண்ணை ஏற்றுகிறது, வடிதாளில் உப்பின் எண்ணை இறக்குகிறது. இரண்டும் ஒரே காற்றுதான்.

கடலூர், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்: உலர்த்தித்தான் நிறுக்கிறார்கள் என்றால், நாம் உலர்ந்த துகளையா மூச்சிழுக்கிறோம்?

கூர்மையான கேள்வி, ஐயா. இல்லை. ஈரத் துகளைத்தான் இழுக்கிறோம். மூச்சுக்குழலுக்குள் ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம் என்பதால் உப்புத் துகள் உள்ளே போகப் போக இன்னும் பெரிதாகி, உலர்ந்த துகள் போய்ச் சேரும் இடத்தை விட்டு வேறு இடத்தில் படியும். ஆனால் எந்த அளவில் எவ்வளவு நோய் வருகிறது என்று கண்டுபிடித்த பெரிய ஆய்வுகள் எல்லாம் உலர்ந்த எடையை வைத்தே நடந்தன. 1993-இல் வெளியான ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வும் அப்படித்தான். அந்த அளவுகளோடு ஒப்பிட வேண்டுமானால் நாமும் உலர்த்தித்தான் நிறுக்க வேண்டும். நுரையீரலுக்குள் நடப்பதைச் சொல்ல எடை ஒன்று மட்டும் போதாது என்பதில் உங்கள் பக்கம்தான் நானும்.

ராயபுரம், கல்லூரி மாணவி: அரசு நிலையங்களில் கதிரியக்கத்தை வைத்துத் தூசை அளக்கிறார்களாமே, ஆபத்தில்லையா?

இல்லை. பெட்டிக்குள் அடைத்த மிகச் சிறிய கார்பன்-14 மூலம் பெரும்பாலும் அது. அதே கார்பன்-14 உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இருக்கிறது. அதன் பீட்டா கதிர் வெறும் காற்றிலேயே ஒரு முழத்துக்குள் நின்றுவிடும். ஓடும் நாடாவில் தூசு படியப் படிய எவ்வளவு கதிர் தடைபடுகிறது என்று பார்த்துக் கருவி மணிக்கொரு எண் தருகிறது. ஈரத்தைப் போக்க நுழைகுழாயைச் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் அம்மோனியம் நைட்ரேட் கொஞ்சம் ஆவியாகி எண் குறையலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி, உப்பள உரிமையாளர்: எங்கள் ஊரைக் காற்று மோசமான நகரங்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். எங்கள் உப்பையும் மாசுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நியாயமா?

அண்ணாச்சி, உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு நியாயம் இல்லை.

2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. அந்தத் திட்டத்தில் முன்னேற்றத்தை முக்கியமாக பி.எம். 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்) வைத்தே பார்க்கிறார்கள். அலை உடையும்போது நீர்க்குமிழிகள் வெடித்துக் காற்றில் தெறிக்கிற உப்பில் பெரும்பகுதி அந்தப் பெரிய அளவில்தான் இருக்கிறது. பி.எம். 2.5-க்குள் வருவது அதன் வால் பகுதி மட்டும். ஆகவே கடலோர ஊரின் பி.எம். 10 எண்ணில் உப்பு இருக்கத்தான் செய்யும்.

எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் முடியும். கடலுப்பின் எடையில் சோடியம் 30.8 சதவீதம். வடிதாளைக் கழுவி சோடியத்தை அளந்து, 3.25-ஆல் பெருக்கினால் கடலுப்பின் எடை ஏறத்தாழ வந்துவிடும். கடல்நீரில் ஒரு பங்கு சோடியத்துக்குக் கால் பங்கு சல்பேட் உண்டு. அதற்கு மேல் வடிதாளில் இருக்கிற சல்பேட் கடலுடையது அல்ல. பெரும்பாலும் அது எரிந்த நிலக்கரியும் எண்ணெயும் தந்தது. அடுத்து குளோரைடைப் பாருங்கள். கடல்நீரில் சோடியத்தைப் போல் 1.8 பங்கு குளோரைடு இருக்கும். நகரத்துக் காற்றில் அது குறைந்துபோகும்; ஏனென்றால் வண்டிப்புகையிலிருந்து வரும் நைட்ரிக் அமிலமும், கந்தகப் புகையிலிருந்து வரும் அமிலமும் உப்போடு வினைபுரிந்து குளோரினை ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாக வெளியேற்றிவிடும். வடிதாளில் குளோரைடு குறைந்த உப்பு இருந்தால், அந்த உப்பு வழியில் புகையைச் சந்தித்து வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம், கடலுப்பு போன்ற இயற்கைப் பங்கை எண்ணிலிருந்து கழிக்க அனுமதிக்கிறது. ஒரு நிபந்தனை: அது இயற்கைப் பங்குதான் என்று ஆதாரம் காட்ட வேண்டும். இங்கேதான் நான் உறுதியாக நிற்கிறேன். சோதித்துப் பிரித்த உப்பைக் கழியுங்கள், தவறில்லை. சோதிக்காமல் 'கடலோரம்தானே, உப்பாக இருக்கும்' என்று சொல்வதை யாரிடமிருந்தும் ஏற்கக் கூடாது. உங்கள் ஊரிலேயே கடலை ஒட்டி அனல்மின் நிலையம் இருக்கிறது, துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. உங்கள் வெள்ளை உப்பின் பெயரைச் சொல்லி அந்தக் கரி தப்பிக்கக் கூடாது. இரசாயனப் பகுப்பாய்வைக் கேட்டு முதல் மனு உங்களிடமிருந்தே போகட்டும். அதனால் சுத்தமாவது உங்கள் உப்பளத்தின் பெயர்தான்.

பெசன்ட் நகர், நடைப்பயிற்சிக்காரர்: என்-95 முகக்கவசம் கடலோரத்தில் வேலை செய்யுமா?

அதைச் சோதிப்பதே உப்பை வைத்துத்தான்! அமெரிக்க விதிப்படி, நுண்ணிய சோடியம் குளோரைடு துகள்களை நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றில் செலுத்தி, 95 சதவீதமாவது தடுக்கிறதா என்று பார்க்கிறார்கள். முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் வேலை செய்யும். தை மாத விடியலில் போகாமல், வெயில் ஏறியோ மாலையில் கடற்காற்று வீசும்போதோ நடந்தால் பெரும்பாலும் அது தேவைப்படாது.

எண்ணூர், பள்ளி ஆசிரியை: வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருமுகிறார்கள். ஜன்னல் கம்பியில் கறுப்பாகப் படிகிறது. கைபேசியில் பார்த்தால் மணலி நிலையம் 'திருப்திகரம்' என்று சொல்கிறது. எதை நம்புவது?

டீச்சர், பிள்ளைகளின் இருமலை நம்புங்கள். நிலையத்தையும் நம்பலாம். அது உங்கள் வகுப்பறையைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்தச் சொல்லின் கணக்கு. நம் நாட்டுக் குறியீட்டில் பி.எம். 2.5 ஒரு நாள் சராசரி 60 மைக்ரோகிராம் வரை 'திருப்திகரம்'. 2009-இல் வகுத்த தேசியத் தரத்தின் ஒரு நாள் எல்லையும் 60-தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன ஒரு நாள் எல்லை 15. இரண்டுக்கும் நான்கு மடங்கு தூரம். அடுத்து, அது ஒரு நாள் சராசரி. காலை பிரார்த்தனை நேரத்தில் ஒரு மணி நேரம் 400 அடித்து, மற்ற 23 மணி நேரம் 30 இருந்தால் சராசரி 45. அன்றைக்கும் 'திருப்திகரம்' என்றுதான் வரும். மைதானத்தில் நின்ற பிள்ளைகள் இழுத்ததோ 400.

மூன்றாவது, இடம். கடலோரத்தில் உயரமான புகைபோக்கிக்கென்று ஒரு தனி இயல்பு உண்டு. பகலில் குளிர்ந்த கடற்காற்று சூடான நிலத்தின்மேல் வரும்போது, கரையிலிருந்து தொடங்கி உள்ளே போகப் போக உயர்ந்துகொண்டே போகிற ஒரு கொந்தளிப்பு அடுக்கு உருவாகும். பெரிய அனல்மின் அலகுகளின் புகைபோக்கி 220 மீட்டர், 275 மீட்டர் உயரம். கரையில் அந்த அடுக்கு தாழ்வாக இருப்பதால், புகை அதற்கு மேலேயே அமைதியாக உள்நாட்டுப் பக்கம் போகும். சில கிலோமீட்டர் போனதும் அடுக்கு அந்த உயரத்தை எட்டும். எட்டிய இடத்தில் புகை மொத்தமாகத் தரைக்கு இறங்கிவிடும். புகைபோக்கியின் அடியில் இருக்கிற கருவி நல்ல எண் காட்டும். அடி வாங்குவது வேறு ஊர். இதற்கு நேர்மாறு உங்கள் ஜன்னல் கம்பியில் படிகிற கறுப்பு. திறந்த வெளியில் குவிந்த நிலக்கரி, அதை ஏற்றிச்செல்லும் பாதை, சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை, இவை எல்லாம் தரைமட்டத்திலேயே கிளம்பிப் பக்கத்திலேயே விழும். மணலி நிலையத்துக்கு அவை அப்படியே போய்ச் சேர வேண்டிய அவசியம் இல்லை.

கண்ணுக்குத் தெரியும் அந்தக் கறுப்புத் தூசு பெரும்பாலும் பெரிய துகள். பி.எம். 2.5 கணக்கில் அது வராது. ஆனால் அதைக் கிளப்புகிற லாரியிலிருந்தே கண்ணுக்குத் தெரியாததும் வருகிறது. நுரையீரலின் காற்றறை வரை போவது அதுதான். வெளிக்காற்று மாசும் அதிலுள்ள துகள்களும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இலேயே முதல் பிரிவில் சேர்த்தது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது நான்கு. பள்ளி வளாகத்தில் 3 முதல் 10 மீட்டர் உயரத்தில், மரமோ சுவரோ மறைக்காத கருவி. கூடவே காற்றின் திசையும் வேகமும். நாள் சராசரியோடு நிறுத்தாமல் மணிக்கணக்கான எண்கள். மாதம் சில வடிதாளாவது தனிமப் பகுப்பாய்வுக்குப் போக வேண்டும். ஆர்செனிக்கும் செலினியமும் தூக்கலாக இருந்தால் நிலக்கரி, வனேடியமும் நிக்கலும் சேர்ந்து வந்தால் கப்பல்களும் ஆலைகளும் எரிக்கிற கனரக எண்ணெய், பொட்டாசியம் விறகும் குப்பையும், சோடியம் கடல். இந்த விவரம் கையில் இருந்தால், யாரிடம் போய்ப் பேசுவது என்று ஊர் ஊராக அலைய வேண்டாம். பிள்ளைகளில் யார் எந்த நாளில் எந்த நேரத்தில் இருமினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மணிக்கணக்கு எண்கள் வரும் நாளில் அந்த நோட்டு பெரிய சாட்சி.

புதுச்சேரி, வங்கி ஊழியர்: ஒரே நேரத்தில் ஒரு செயலி 92 என்கிறது, இன்னொன்று 149 என்கிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். பி.எம். 2.5 ஒரு நாள் சராசரி 55 என்றால் இந்தியக் குறியீட்டில் 92, அமெரிக்கக் குறியீட்டில் 149. குறியீட்டைப் பார்க்காதீர்கள், மைக்ரோகிராம் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

யாழ்ப்பாணம், மருத்துவத் தாதி: 2022 டிசம்பரில் எங்கட வானம் புகைபிடித்துக் கிடந்தது. பாடசாலைகளையும் மூடினார்கள். இங்கே அத்தனை தொழிற்சாலை இல்லையே, அது எங்கிருந்து வந்தது?

வடக்கே பெருநிலத்திலிருந்து. மாண்டஸ் புயல் வங்கக் கடலில் இருந்த நாட்கள் அவை. டிசம்பர் 9 அன்று இலங்கையில் பள்ளிகள் மூடப்பட்டன. அன்றிரவுதான் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அந்தச் சுழற்சி இந்தியப் பக்கத்துப் புகைக்காற்றைத் தீவின்மேல் இழுத்து விட்டது.

புயல் இல்லாத ஆண்டுகளிலும் வாடைக்காலத்தில் இது மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடல் ஆய்வு என்ற பெரும் முயற்சி நடந்தது. சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வி. ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற பால் க்ரூட்சனும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். கப்பல், விமானம், செயற்கைக்கோள், மாலத்தீவின் காஷிதூ தீவில் ஒரு கூடம் எனப் பல இடங்களில் அளந்தார்கள். நடுக்கடல் காற்று சுத்தமாக இருக்கும் என்று நம்பியிருந்த உலகத்துக்கு, கரியும் சல்பேட்டும் கலந்த பழுப்புப் படலம் வட இந்தியப் பெருங்கடல்மேல் கிலோமீட்டர் கணக்கில் உயர்ந்து நிற்பதை அவர்கள் காட்டினார்கள். உங்கள் கடற்கரையில் ஒரு நல்ல கருவி நிற்பது உங்களுக்கு மட்டும் உதவி அல்ல. நாங்கள் எவ்வளவு அனுப்புகிறோம் என்பதை எங்களுக்குச் சொல்லக்கூடியதும் அதுதான்.

சிதம்பரம், விவசாயி: மழை பெய்தால் எல்லாம் கழுவிப் போய்விடுமா?

பெரிய தூசு போய்விடும். மிக மிகச் சிறியதும் அங்கங்கே அலைந்து துளியில் ஒட்டிக்கொள்ளும். இடையில் இருக்கிற, ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு முதல் ஒரு மைக்ரான் வரை உள்ள துகள்தான் விழுகிற துளியைச் சுற்றி வளைந்து தப்பிவிடும். புகைக்கரியும் சல்பேட்டும் பெரும்பாலும் அந்த அளவுதான். மேகத்துக்குள்ளேயே துளியாகிவிட்டவை மழையோடு இறங்கும். மழைக்குப் பிறகு எண் குறைவது நிஜம், பூஜ்யம் ஆகாது.

மயிலாப்பூர், குடும்பத்தலைவி: போகிக்கு அரை மணி நேரம் பழசு எரிக்கிறோம். இதைக்கூடக் கணக்குப் பார்க்க வேண்டுமா?

வேண்டும், அம்மா. நேரம்தான் காரணம். மார்கழி கடைசி விடியல்: காற்று அசையாது, கலக்கும் அடுக்கு தாழ்ந்திருக்கும், ஈரம் உச்சத்தில். புகைத் துகள் ஒவ்வொன்றும் பனித்துளிக்குக் கருவாகும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. ஒரு வீட்டின் அரை மணி நேரம் சின்ன விஷயம்தான். ஊர் முழுக்க அதே அரை மணி நேரத்தில் எரிப்பதால் அது பெரிதாகிறது. டயரும் பிளாஸ்டிக்கும் இல்லாமல், கோலத்தோடும் பறையோடும் கொண்டாடினால் பண்டிகை குறையாது.

ராமேஸ்வரம், பொறியாளர்: செயற்கைக்கோள் இருக்கும்போது தரையில் கருவி எதற்கு?

செயற்கைக்கோள் பார்ப்பது தரையிலிருந்து வானம் வரை உள்ள மொத்தக் காற்றும் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதை. அதில் நீங்கள் சுவாசிக்கிற இரண்டு மீட்டர் எவ்வளவு என்று தனியாகத் தெரியாது. இருண்ட கடலும் வெளிறிய மணலும் ஒரே சதுரத்தில் கலக்கிற கரையோரமும், கலங்கிய ஆழமில்லாத நீரும் அதற்குக் கடினமான இடங்கள். பாக் நீரிணை பக்கம் இரண்டுமே உண்டு.

குளச்சல், விசைப்படகு ஓட்டுநர்: இந்த அளவையெல்லாம் முதலில் செய்தது யார்?

ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன், 1880-களின் கடைசியில். கண்ணுக்குத் தெரியாத துகளை எண்ண அவர் கையாண்டது ஈரத்தைத்தான். காற்றை நீராவியால் நிறைத்துச் சட்டென்று விரித்துக் குளிரவைத்தார். ஒவ்வொரு துகளும் ஒரு நீர்த்துளியானது. கோடு போட்ட தகட்டில் விழுந்த துளிகளை உருப்பெருக்கியில் எண்ணினார். எடை இல்லை, எண்ணிக்கை. இன்றும் மிகச் சிறிய துகளை எண்ணும் கருவிகளில் அதே உத்திதான். தன் கையால் கருவி செய்து பார்த்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு எப்போதும் மரியாதை பொங்கும்.

அவருக்குப் பிறகு அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேஸ் ஹெட் என்ற இடத்தில் 1958 முதலும், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் கேப் கிரிம் என்ற இடத்தில் 1976 முதலும் கடற்காற்றை அளந்து வருகிறார்கள். கேப் கிரிமில் தென்மேற்கிலிருந்து, 190 முதல் 280 டிகிரிக்குள் வருகிற காற்றைத்தான் தூய கடற்காற்று என்று தனியாகப் பிரிக்கிறார்கள். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நீங்கள் கடலில் காற்றைப் பிரிப்பது எதற்கோ, அதே காரணம்தான்: எந்தப் பக்கத்துக் காற்று என்று தெரியாவிட்டால் அது என்ன கொண்டுவருகிறது என்றும் தெரியாது. குளச்சலில் கருவி வைக்கிறவர்கள் முதலில் உங்களிடம் வந்து கேட்க வேண்டும் என்பேன்.

சென்னை, பொறியியல் மாணவர்: இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மெரினாவில் நுண்துகள் அளக்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

தம்பி, ஒரு கருவி போதாது; மூன்று கருவிகளாவது வேண்டும். முதல் இரண்டு வாரம் மூன்றையும் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக வை. மூன்றும் ஒரே எண்ணைச் சொல்லாது. எது எவ்வளவு தள்ளிப்போகிறது என்று குறித்துக்கொள். முடிந்தால் அரசு நிலையம் ஒன்றின் அருகில் வைக்க அனுமதி கேள். பிறகு ஒன்று கரையில், ஒன்று ஒரு கிலோமீட்டர் உள்ளே, ஒன்று ஐந்து கிலோமீட்டர் உள்ளே. கரையில் வைப்பதை அலை உடைகிற இடத்தை ஒட்டி வைக்காதே. அந்தச் சில அடித் தூரத்துத் தெறிப்பை மட்டுமே அளந்துகொண்டிருப்பாய். சுண்டல், பஜ்ஜிக் கடை அடுப்புக்குக் காற்று போகும் பக்கமும் வேண்டாம்.

கருவியை மழை படாத, ஆனால் காற்று தாராளமாக நுழைகிற கூட்டுக்குள் வை. உப்புக் காற்று விசிறியையும் மின்சுற்றையும் அரிக்கும்; சிலந்தி நுழைகுழாயில் வலை பின்னும். வாரம் ஒருமுறை திறந்து பார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நேரம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை நான்கும் இருக்க வேண்டும். முடிவு வந்ததும் இந்தப் பக்கத்துக்கே அனுப்பு, ஈரப்பதப் பட்டியலையும் சேர்த்து.